நாயகன் முகமும் நம் சிரிப்பும்

விழுப்புரம் மண்ணில் எழும் கட்அவுட்டுகளையும், அதே நாயகர்களைப் பற்றிச் சுற்றும் நையாண்டிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், தமிழ் ரசிகன் மீது காலங்காலமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு நிற்காது.

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியை அடுத்த வி.சாலையில் நடிகர் விஜய்யின் தமிழக வெற்றிக் கழகம் தன் முதல் மாநில மாநாட்டை நடத்தியது. திடலில் பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார், அஞ்சலையம்மாள் ஆகியோரின் கட்அவுட்டுகள் வானளாவ நின்றன. சேர, சோழ, பாண்டிய மன்னர்களுக்கும் இடம் இருந்தது. அந்த வரிசையில் விஜய்யும் நின்றார். பார்க்க வந்த கூட்டம் திடலுக்குள் அடங்கவில்லை. பேச்சு முடிந்த சூட்டோடு சூடாக, அதே பேச்சை வெட்டி, நகைச்சுவை நடிகர் வடிவேலுவின் முகத்தை ஒட்டி, மீம்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவின. இதைப் பார்ப்பவர்கள் உடனே இரண்டு கட்சி பிரித்துவிடுவார்கள். கட்அவுட் வைத்தவன் பித்துப் பிடித்த ரசிகன், மீம் போட்டவன் விவரம் தெரிந்தவன் என்று. சினிமாக்காரனைச் சாமியாக்குகிற ஊர் என்று தமிழ்நாட்டைப் பற்றி வெளியே சொல்லப்படுவதும், உள்ளே இருந்துகொண்டே நாம் ஒப்புக்கொள்வதும் இந்தப் பிரிவினையின் மேல்தான் நிற்கின்றன.

இந்தப் பிரிவினை தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். நாயகனின் முகத்தை எண்பது அடிக்கு வரைந்து உயர்த்தியவர்களும் அந்த முகத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர்களும் இங்கே எப்போதும் ஒரே கூட்டம்தான். உருவம் வரைவதற்கும் நையாண்டி செய்வதற்கும் தேவையான திறமையும் ஒன்றுதான்: ஒரு முகத்தைச் சலிக்காமல் உற்றுப் பார்ப்பது. அப்படிப் பார்க்கத் தெரிந்ததால்தான் தமிழ் ரசிகனின் அன்பு கண்மூடித்தனமாகப் போகவில்லை. இன்று அந்தப் பார்வைக்கே ஆபத்து வந்திருக்கிறது. ஒருபக்கம் வரையும் கையை அச்சு இயந்திரம் ஓரங்கட்டிவிட்டது. இன்னொரு பக்கம், சிரித்தால் வழக்கு, சிரித்தால் வசவு என்ற நிலை வளர்ந்து நிற்கிறது.

விழுப்புரத்தில் பிறந்த முகம்

தமிழ்நாட்டின் நட்சத்திர உருவப்படக் கதையை எழுத உட்கார்ந்தால் விழுப்புரத்தைத் தாண்டிப் போக முடியாது. சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் 1 அன்று பிறந்தது இங்கேதான். 1957இல் அவர் நடித்த ‘வணங்காமுடி’ வெளியானபோது சென்னை சித்ரா திரையரங்கில் அவருக்கு வைத்த, எண்பது அடி என்று சொல்லப்படும் கட்அவுட்டைத் திரையுலகினர் இன்றும் முன்னோடியாகக் குறிப்பிடுகிறார்கள். அதைச் செய்தது மோகன் ஆர்ட்ஸ் என்ற பேனர் நிறுவனம். அந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்க வேண்டும். படப்பிடிப்பில் எடுத்த ஸ்டில் ஒன்று ஓவியரின் கைக்கு வரும். அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். அதே கட்டங்களைப் பல மடங்கு பெருக்கித் துணியிலோ பிளைவுட் பலகையிலோ போட்டுக்கொள்வார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருப்பதை அதற்குரிய பெரிய கட்டத்துக்கு மாற்றுவார். பின்னணியும் உடையும் எழுத்தும் உதவியாளர்களின் வேலை. முகத்தை மட்டும் தலைமை ஓவியர் வேறு யாரையும் தொட விடமாட்டார். பலகைகளைத் துண்டு துண்டாக வரைந்து, லாரியில் ஏற்றி, திரையரங்கு வாசலில் சவுக்குக் கம்பத்தால் சாரம் கட்டி ஒன்று சேர்ப்பார்கள். 

அந்த ஓவியர் ஸ்டில்லை அப்படியே படியெடுக்கவில்லை என்பதுதான் முக்கியம். படியெடுத்தால் எண்பது அடி உயரத்தில் முகம் செத்துப் போகும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு நெற்றி சிறுத்தும் தாடை பெருத்தும் தெரியும் என்பதால் அளவை மாற்ற வேண்டும். வெயிலில் சாதாரண நிறம் வெளிறிவிடும் என்பதால் கன்னத்தில் ரோஜா நிறமும் நிழலில் பச்சையும் நீலமும் ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நடிகரின் சாரம் எங்கே இருக்கிறது என்று முடிவெடுக்க வேண்டும். சிவாஜிக்கு விரியும் கண்ணும் துடிக்கும் புருவமும். எம்.ஜி.ஆருக்குக் கன்னமும் சிரிப்பும். ரஜினிக்கு நெற்றியில் விழும் முடி. இப்படித் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவதுதான் உருவ ஓவியக் கலையின் உயிர். உலகம் இதைக் கலை என்று ஒப்புக்கொண்டும் இருக்கிறது. எம்.எஃப்.உசேன் பம்பாயில் சினிமாப் பேனர் வரைந்து பிழைத்தவர். அமெரிக்க பாப் ஓவியர் ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகைகள் வரைந்து கை பழகியவர். ஆண்டி வார்ஹோல் 1962இல் மர்லின் மன்றோவின் முகத்தை எடுத்தது ‘நயாகரா’ படத்தின் விளம்பர ஸ்டில்லிலிருந்து. ஸ்டில்லில் தொடங்கிப் பளீரென்ற நிறத்தில் முடியும் வழி அவருக்கும் சென்னைப் பேனர் ஓவியருக்கும் பொதுவானது. அவருடையது அருங்காட்சியகத்துக்குப் போனது. இவர்களுடையது அடுத்த படம் வந்ததும் வெள்ளையடிக்கப்பட்டு அதன் மேலேயே இன்னொரு முகம் ஏறியது. கலை வரலாற்றாளர் பிரமிந்தா ஜேக்கப் 2009இல் சென்னைப் பேனர்களைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூல் எழுதினார். கோவைப் பேனர் ஓவியர் ஜீவா எழுதிய ‘திரைச்சீலை’ 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு மேல் இந்தக் கலைக்கு நாம் செய்த மரியாதை மிகக் குறைவு.

கலைக்கும் ரசிகக் காட்சிக்கும் நடுவே நாம் எழுப்பியிருக்கும் சுவரைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வானூர் வட்டத்துக் குயிலாப்பாளையம் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடியில் திரும்பி ஆரோவில்லுக்குப் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லுக்குள் பாரத் நிவாஸின் கலா கேந்திராவும் சிட்டாடைன்ஸின் ஓவியக் கூடமும் இருக்கின்றன. அங்கே தொங்கும் படத்துக்குக் கீழே வரைந்தவர் பெயர் இருக்கும். பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இந்த வட்டாரத்து ஊர்த்தெருக்களில் காதணி விழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கட்டப்படும் பேனரில் வேறொரு உருவப்பட மரபு நடக்கிறது. நடுவில் குழந்தை, பக்கத்தில் குழந்தையை நோக்கிக் கை நீட்டும் விஜய்யோ அஜித்தோ, கீழ்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள், அதற்கும் கீழே தபால்தலை அளவில் நண்பர்கள். இதை வடிவமைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படத்தை நிதானமாகப் பாருங்கள். அங்கே நாயகன் யார்? குழந்தைதான். நடிகர், வாழ்த்த வந்த விருந்தாளி. தன் வீட்டு விசேஷத்துக்கு உலகப் புகழ் பெற்ற ஒருவரைச் செலவில்லாமல் வரவழைத்து, தன் மச்சான்களோடு நிற்க வைத்திருக்கிறார் அந்த ரசிகர். இது அடிமைத்தனமென்றால், நடிகரைத் தன் வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட அடிமைத்தனம்.

ஓவியரின் கண்ணும் கேலிக்காரரின் கண்ணும்

தமிழில் அச்சு ஊடகம் பரவிய காலத்திலேயே புகழ்பெற்றவர்களின் முகம் சிரிப்போடு சேர்ந்துதான் வாசகர் வீட்டுக்குள் நுழைந்தது. 1930களில் ஆனந்த விகடனில் ஓவியர் மாலி கர்நாடக இசைக் கலைஞர்களை வரைந்தார். சினிமா முழுமையாகக் கோலோச்சும் முன்பு அவர்கள்தான் தமிழ்நாட்டின் நட்சத்திரங்கள். மாலியின் கோட்டில் பாடகரின் வாய் கோணும், கை காற்றில் எதையோ பிடிக்கப் பாயும், உடம்பே ராகத்தோடு மல்லுக்கு நிற்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள். கூடவே, அந்த வித்வானின் பாட்டே கண்முன் வந்து நிற்கிறது என்றும் சொன்னார்கள். கேலிச்சித்திரக்காரர் செய்ததும், பின்னாளில் கட்அவுட் ஓவியர் செய்ததும் ஒரே காரியம்தான். இருவருமே ஒரு முகத்தில் எது அவருக்கு மட்டும் உரியது என்று கண்டுபிடித்து, அதைப் பெரிதாக்கினார்கள். ஒருவர் வியப்புக்காகப் பெரிதாக்கினார், மற்றவர் சிரிப்புக்காக. மாலி கண்டெடுத்த கோபுலு அந்த மரபைப் பல பத்தாண்டுகள் தாங்கினார். ஒருவரை வரையும் அளவுக்கு உற்றுப் பார்த்தவரால் அவரை வெறுக்கவும் முடியாது, கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது என்பதற்கு இந்த மரபே சாட்சி.

திரையிலும் இதுதான் நடந்தது. நாயகனை அறிமுகக் காட்சியில் தூக்கி நிறுத்தும் அதே படத்தில், அவர் பக்கத்திலேயே நகைச்சுவை நடிகர் கவுண்டமணி நின்று அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார். திரையரங்கில் இரண்டுக்கும் விசில் அடித்தது ஒரே ஆள். பலகுரல் கலைஞர்கள் மேடை ஏறினால் சிவாஜி குரல் இல்லாமல் இறங்க முடியாது. அந்தக் குரலைக் கேட்டு முதலில் கைதட்டுபவர் சிவாஜியின் பரம ரசிகராகத்தான் இருப்பார், ஏனென்றால் எந்த மூச்சில் எந்த எழுத்து அழுந்தும் என்பது அவருக்குத்தான் தெரியும். 2000களில் விஜய் டிவியில் ராம்பாலா இயக்கிய ‘லொள்ளு சபா’ வாரம் ஒரு படத்தை எடுத்துப் பிரித்துப் போட்டது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா ஆகிய நடிகர்கள் அதில் வளர்ந்தார்கள். 2010 ஜனவரியில் சி.எஸ்.அமுதன் இயக்கி சிவா நடித்த ‘தமிழ்ப் படம்’ வந்தது. நாயகன் அறிமுகம், ஒரே பாட்டில் பணக்காரனாவது, காதல் வந்ததும் பாட்டு என்று அரை நூற்றாண்டுத் தமிழ் சினிமாவின் வழக்கங்களை அது ஒன்று விடாமல் கேலி செய்தது. அந்தப் படத்தை ரசிக்க ஒருவர் நூற்றுக்கணக்கான தமிழ்ப் படங்களை அனுபவித்துப் பார்த்திருக்க வேண்டும். சினிமாவை வெறுப்பவருக்கு அதில் ஒரு நகைச்சுவையும் புரியாது. படம் ஓடியது என்றால், ஓட வைத்தவர்கள் ரசிகர்கள்.

2019 மே மாதக் கடைசியில் நடந்ததையும் இதோடு சேர்க்க வேண்டும். பாகிஸ்தானைச் சேர்ந்த முகநூல் பக்கம் ஒன்று, ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. 2001இல் வந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் இது என்று ஒரு தமிழர் பதில் சொன்னார். உடனே நேசமணி நலம்பெறப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலகெங்கும் தமிழர்கள் எழுதத் தொடங்க, அந்த வேண்டுகோள் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. மறுநாள் நாட்டின் பிரதமருடைய இரண்டாம் பதவியேற்பு. யாரும் திட்டமிடாமல், யாருக்கும் பணம் தராமல், வடிவேலு என்ற முகத்தின் மேல் இருக்கும் பிரியத்தினால் மட்டும் நடந்த விளையாட்டு அது. ஒரு கலைஞரைக் கொண்டாடுவதும் அவரை வைத்துச் சிரிப்பதும் வேறு வேறல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

திண்டிவனம் சொன்ன தீர்ப்பு

சிரிப்பெல்லாம் சரி, ஓட்டுப் பெட்டி முன்னால் போனதும் ரசிகன் மயங்கிவிடுகிறானே என்பார்கள். தேர்தல் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2002இல் ரஜினியின் ‘பாபா’ படத்தை பாட்டாளி மக்கள் கட்சி எதிர்த்தது. வட மாவட்டங்களில் திரையரங்குகள் தாக்கப்பட்டன, படப்பெட்டிகள் பறிபோயின. 2004 மக்களவைத் தேர்தலில், பா.ம.க. நின்ற ஆறு தொகுதிகளிலும் அந்தக் கட்சியைத் தோற்கடிக்கும்படி ரஜினி தன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஆறில் திண்டிவனமும் ஒன்று, புதுச்சேரியும் ஒன்று. ஆறிலும் பா.ம.க. வென்றது. ரஜினியின் படம் பார்ப்பதை இந்த வட்டாரத்து மக்கள் அதற்காக நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு ‘சந்திரமுகி’ எங்கும் பட்டையைக் கிளப்பியது. சிவாஜி தனிக் கட்சி தொடங்கி, 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றார். அவருடைய நடிப்பின் மேல் இருந்த மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. விஜயகாந்த் 2011இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ரிஷிவந்தியத்தில் வென்று, 29 இடங்களோடு எதிர்க்கட்சித் தலைவரானார். ஐந்தே ஆண்டில் அதே மாவட்டத்தின் உளுந்தூர்பேட்டையில் வைப்புத்தொகையை இழந்தார். முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுபவர்கள் இப்படி மாற்றி மாற்றிப் போட மாட்டார்கள். ரசனை ஒரு கணக்கு, ஓட்டு வேறு கணக்கு என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர்கள்தான் போடுவார்கள்.

எம்.ஜி.ஆரை மறந்துவிட்டு இந்த வாதத்தை முடிக்க முடியாது. 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் காயமடைந்து மருத்துவமனையில் படுத்திருந்த எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு இருக்கும் படம் சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பரங்கிமலையில் ஓட்டுக் கேட்டுப் போகாமலேயே வென்றார். தமிழ்நாட்டு அரசியலில் அதற்கு இணையாக வேலை செய்த இன்னொரு உருவப்படத்தைச் சொல்வது கடினம். 1977இல் முதலமைச்சராகி, 1987 டிசம்பரில் மறையும் வரை சட்டமன்றத் தேர்தல்களில் அவர் முகம் அவருக்குக் கைகொடுத்தது. ஆகவே முகத்துக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகள் ஒரு கட்சியில் உழைத்து, ஊர் ஊராக மன்றம் கட்டி, திரையில் பேசியதற்கும் கட்சி பேசியதற்கும் ஒட்டு இருக்கும்படி பார்த்துக்கொண்டவருக்குத்தான் அந்தச் சக்தி கிடைத்தது. அதே சக்தியை எதிர்பார்த்து வந்த மற்றவர்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. எம்.ஜி.ஆர். விதிவிலக்கு. விதிவிலக்கை விதியாக்கிக்கொண்டு ஒரு சமூகத்தையே மடமை என்பது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் எம்.ஜி.ஆர். வரலாறு நமக்கு ஒரு பாடத்தையும் வைத்திருக்கிறது: முகத்துக்குச் சக்தி கூடக்கூட, அதைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையும் கூட வேண்டும்.

சிரிப்பு சுடும்போது

அந்த உரிமை எளிதாகக் கிடைக்கவில்லை. எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகம் போன்றவற்றை அடக்க 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் முக்கியப் பிரிவுகளை எதிர்த்து ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்காடி, சென்னை உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று சொன்னது 2013இல். இடையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1987இல், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் பற்றி ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக அதன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் கண்டனம் எழ, சில நாள்களில் விடுவித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. நீதிமன்றம் போய், 1994இல் தீர்ப்பு வாங்கி, அடையாள இழப்பீடாக 1000 ரூபாய் பெற்றார். 2017இல் கார்ட்டூனிஸ்ட் பாலா, நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றி வரைந்த சித்திரத்துக்காகக் கைதானார். அரசுகளோடு இன்று ரசிகர் படைகளும் சேர்ந்துகொண்டன. விஜய் நடித்த ‘போக்கிரி’யை லொள்ளு சபா கேலி செய்தபோது விஜய் ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். இன்று நடிகரைப் பற்றி ஒரு வரி கிண்டல் எழுதினால், எழுதியவரின் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டும் கூட்டம் எல்லா நடிகர்களின் பெயரிலும் இருக்கிறது. முன்பு கவுண்டமணிக்கு விசிலடித்த கூட்டத்தின் மரபை இவர்கள் மறந்துவிட்டார்கள்.

மறுபக்கத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது. நையாண்டி கொடுமையாகவும் மாறும். விஜயகாந்த் உடல்நலம் குன்றியிருந்த ஆண்டுகளில் அவர் நாக்குக் குழறியதையும் நடை தளர்ந்ததையும் மீம்களாக்கிப் பரப்பினார்கள். 2023 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தபோது, அப்படிச் சிரித்தவர்களில் பலரே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். தமிழ்த் திரை நகைச்சுவையும் இதில் குற்றமற்றதல்ல. கறுப்பு நிறம், பருமன், திக்குவாய், திருநங்கையர் என்று பிறப்போடும் உடலோடும் வந்தவற்றை வைத்து அது பல காலம் சிரிக்க வைத்தது. நடிகைகள் மீதான கேலி இன்றும் அவர்கள் வயதையும் உடம்பையும் தாண்டி அதிகம் போவதில்லை. இவற்றை நான் காக்க வரவில்லை. இங்கேதான் உருவ ஓவியரிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. மாலி வரைந்த வித்வான் பாடிக்கொண்டிருந்தார். சிரிப்பு அவர் செய்யும் காரியத்திலிருந்து பிறந்தது. ‘தமிழ்ப் படம்’ கேலி செய்தது நாயகர்களின் பாவனையை. விஜயகாந்தின் மேடைப் பேச்சையும் கூட்டணி முடிவுகளையும் கிண்டல் செய்ய எவருக்கும் உரிமை உண்டு. நோயைக் கிண்டல் செய்தவர் அவரைப் பார்க்கவே இல்லை, ஓடும் காணொளியில் ஒரு நொடியை மட்டும் நறுக்கி எடுத்தார். ஒருவர் ஏற்றுக்கொண்ட பாவனையைப் பார்த்துச் சிரிக்கலாம், அவர் மேல் வந்து விழுந்த துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இந்த எல்லைக்குச் சட்டம் தேவையில்லை. ஆளைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

சாய்ந்த பேனர்கள்

இன்னொரு ஆட்சேபத்தை உயிர்கள் எழுப்புகின்றன. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் போன 23 வயது மென்பொருள் பொறியாளர் லாரியில் சிக்கி இறந்தார். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கட்சிக் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து இறந்தான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய்யின் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். இத்தனைக்கும் பிறகு கட்அவுட் கலை என்று பேசுவது தகுமா? தகும் என்றே சொல்வேன், ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால். கையால் வரைந்த காலத்தில் ஒரு பெரிய முகத்துக்குப் பல நாள் உழைப்பும் பல பேர் கூலியும் தேவை. அதனால் அது திரையரங்கு வாசலிலும் மாநாட்டுத் திடலிலும் நின்றது. 2000களில் ஃப்ளெக்ஸ் வந்ததும் அரை நாளில், சொற்ப விலையில், எந்த அளவிலும் முகம் கிடைத்தது. நடுச்சாலைத் தடுப்பு முதல் மின்கம்பம் வரை பேனர் ஏறியது. உயிரைக் குடித்த பேனர் பெருக்கம் இந்த மலிவில் பிறந்தது. சாலையோரத்தில் அனுமதியில்லாமல் நிற்கும் எந்தப் பேனரும், யார் முகம் அதில் இருந்தாலும், அகற்றப்பட வேண்டும். அதில் சமரசமே கூடாது. சுவரில் வரைந்த முகமோ யார் தலையிலும் விழாது.

ஃப்ளெக்ஸ் பறித்தது பிழைப்பை மட்டுமல்ல. கணினியில் ஏற்கெனவே இருக்கும் படத்தை இழுத்துப் போடுபவர் அந்த முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. எல்லா ஊர்ப் பேனரிலும் ஒரே புன்னகை, ஒரே வெள்ளைத் தோல், ஒரே கும்பிடு. ஓவியர் எடுத்த முடிவுகள் இல்லாமல் போனதும் முகம் வெறும் முத்திரையாகிவிட்டது. முத்திரையை வணங்கலாம், கிழிக்கலாம். அதோடு பழக முடியாது. இன்றைய ரசிகச் சண்டைகளில் இருக்கும் வறட்சிக்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். இதைத் திருப்ப முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணங்கள் உண்டு. சென்னை மாநகராட்சி 2009, 2010 வாக்கில் முக்கியச் சாலைகளில் சுவரொட்டிகளைத் தடுத்து, சுவர்களில் ஓவியம் வரையச் செய்தது; வேலையிழந்த பேனர் ஓவியர்களுக்கு அது கைகொடுத்தது. கண்ணகி நகர் குடியிருப்பின் சுவர்களில் 2020 முதல் பிரம்மாண்ட ஓவியங்கள் நிற்கின்றன. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக ஏ-கில் என்ற ஓவியர் சாதாரண மனிதர்களின் முகங்களைக் கட்அவுட் அளவுக்கு வரைந்தார். நாயகனுக்குக் கிடைத்த உயரம் தெருவில் போகிறவருக்கும் கிடைக்கும் என்று காட்டிய சுவர் அது.

ஆகவே கேட்க வேண்டியவர்களிடம் நேரடியாகக் கேட்போம். விழுப்புரம் மாவட்ட உள்ளாட்சிகள் ஃப்ளெக்ஸை ஒழிப்பதோடு நிற்காமல், பேருந்து நிலையச் சுவரையும் பள்ளிச் சுவரையும் ஓவியர்களுக்குக் கூலியோடு கொடுக்கட்டும். சிவாஜி பிறந்த ஊரில் அவருக்குக் கையால் வரைந்த ஒரு பெருமுகம் நிற்கட்டும். ஆரோவில்லின் ஓவியக் கூடங்கள் கட்அவுட் ஓவியர்களை அழைத்து, பெயர்ப் பலகையோடு அவர்கள் வேலையைத் தொங்கவிடட்டும். குயிலாப்பாளையம் இளைஞர்கள் அதைப் பார்க்க உள்ளே போகட்டும். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள் கட்டம் போட்டுப் பெருக்கும் அந்த வித்தையை, அது தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே மாணவர்களுக்குக் கற்பிக்கட்டும். அரசியலுக்கு வந்த, வரப்போகிற நடிகர்கள், தங்களைக் கேலி செய்தவர் மீது வழக்கும் வேண்டாம், வசவும் வேண்டாம் என்று தங்கள் ரசிகர்களிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ரசிகர்களே, உங்கள் நாயகனின் முகத்தை நீங்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிய மாட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து முதலில் சிரிக்கும் உரிமையும் உங்களுடையதுதான். அதை யாரிடமும் அடகு வைக்காதீர்கள்.